அரைக்காசு அம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன்

காணாமற்போன பொருள் திரும்பக் கிடைக்க வேண்டுமானால், வெல்லத்தைப் பிடித்து வைத்து அரைக்காசு அம்மனை வேண்டிக்கொள்வது பாட்டி காலத்திலிருந்தே எங்கள் வீட்டு வழக்கம். தங்கையின் திருமணச் சமயத்தில் வீட்டுப் பத்திரம் எங்கோ மறைந்து, பீரோவையும் பரணையும் புரட்டியும் அகப்படாமல் போனபோது அம்மாவும் அப்படித்தான் வேண்டிக்கொண்டார். மறுநாளே பழைய பஞ்சாங்கக் கட்டுக்குள்ளிருந்து அது கிடைத்தது. அந்தக் கடனைச் செலுத்தவே, அரைக்காசு அம்மன் பிரகதாம்பாளாக வீற்றிருக்கும் புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்துக் கோயிலுக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன்.

வெள்ளிக்கிழமை. நிற்க இடமில்லை. வரிசையில்லாமல் சந்நிதிக்கே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி, ஒருவர் பேரம் பேசியபடியே எங்களைத் தொடர்ந்து வந்தார். கேட்கவே கூசியது. அம்மாவோ மூட்டுவலியைக் காட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு தூணாகப் பற்றி நகர்ந்துகொண்டிருந்தார்.

காத்து நின்ற நேரமெல்லாம், 1730 முதல் 1769 வரை இந்தப் புதுக்கோட்டை நாட்டை ஆண்ட விஜயரகுநாதராய தொண்டைமானையே மனம் சுற்றிவந்தது. தஞ்சாவூர்ப் படைக்கு அஞ்சித் திருமயம் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தவர். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது ஆங்கிலேயர் பக்கம் நின்று உணவுப்பொருள் அனுப்பியவர். அந்த அரசியலை ஏற்பவரும் உண்டு, ஏசுபவரும் உண்டு. நான் கைகூப்புவது, 1738இல் திருவரங்குளம் காட்டில் மௌனியான சதாசிவ பிரம்மேந்திரரின் முன் பணிந்து நின்ற அந்த மனிதரை. வாய் திறவாத அந்த மகான் உபதேசத்தை மணலில் எழுதிக் காட்ட, அரசர் அம்மணலைத் தம் மேலாடையில் அள்ளி முடிந்துகொண்டு அரண்மனைக்குக் கொண்டுசென்று பூஜையில் வைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பொன்னும் நிலமும் கையிலிருந்த ஒருவருக்கு ஒரு பிடி மணலைப் பெருஞ்செல்வமாகக் கொள்ளும் மனம் வாய்த்ததும் அம்பாளின் அருளன்றி வேறென்ன?

தொண்டைமான்கள் தங்களைப் பிரகதாம்பாள் தாசர் என்றே சொல்லிக்கொண்டார்கள். அவர்களுடைய சின்னஞ்சிறு செப்புக்காசின் ஒருபுறம் அமர்ந்திருந்தவள் அம்பாள்; மறுபுறம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’ என்ற சொல். அரசரின் முகத்துக்கு அதில் இடமில்லை. நவராத்திரியில் அரிசியோடு அந்த அரைக்காசும் தானமாக வழங்கப்பட்டது. 1948 மார்ச் 3ஆம் நாள் ராஜகோபாலத் தொண்டைமான் காலத்தில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம். தாசர்களின் ஆட்சி முடிந்த பிறகும், தொலைத்தவர்கள் அவளிடம் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் முறை வந்தபோது பின்னாலிருந்து தள்ளினார்கள். "நகருங்க, நகருங்க" என்ற குரல் கேட்டது. குருக்கள் தீபத்தை உயர்த்திய அந்த நொடியில் அம்பாளின் மூக்குத்தி சுடர்விட்டது; திருமுகத்தில் அப்படியொரு சிரிப்பு. கண்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கேட்பதற்கென்று மனத்தில் அடுக்கி வைத்திருந்தவற்றில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தாயே, கேட்காமலே எத்தனை கொடுத்திருக்கிறாய்! அம்மா வெல்லப் பொட்டலத்தை நீட்டி, "பத்திரத்த குடுத்துட்டே, பொண்ணு கல்யாணத்தையும் நல்லபடியா நடத்திக் குடுத்துட்டே, எங்கம்மா" என்று பக்கத்து வீட்டாரிடம் பேசுவதுபோல் உரக்கவே சொன்னார். தள்ளிக்கொண்டிருந்தவர்களும் அவருக்காகச் சற்று ஒதுங்கி நின்றார்கள்.

வெளிப் பிராகாரத்தில் அமர்ந்து காலை நீவிவிட்டுக்கொண்டே, நவராத்திரிக்கு இன்னொருமுறை வர வேண்டும் என்றார். அழைத்து வருகிறேன் என்றேன். அவள் அழைத்தால்தானே வர முடியும் என்று திருத்தினார்.