சென்டிமீட்டர் டைரி

ஜனவரி 9

113.2

ஜனவரி 10

பாப்பா உயரம் ராத்திரி அளந்தா 112.4. காலைல எந்திரிச்ச உடனே அளந்தா 113.2. பகல் பூரா நின்னு நடந்து முதுகெலும்பு நடுவுல இருக்கற டிஸ்க் எல்லாம் அமுங்கிடும், சாயங்காலம் யாரா இருந்தாலும் கொஞ்சம் கம்மியாதான் காட்டும், வீட்ல அளந்து மனச கெடுத்துக்காதீங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ நாங்க பாத்துக்கறோம்னு டாக்டர் தெளிவா சொல்லிட்டார். தெரியும். தெரிஞ்சும் டேப் எடுக்கறேன். பாப்பா இப்போ டேப்ப பாத்தாலே செருப்ப கழட்டிட்டு செவுத்துல போய் ஒட்டிக்கறா, அதுதான் தாங்கல.

ஜனவரி 14

ஹார்மோன் டெஸ்ட். வெறும் வயிறு. க்ளோனிடின் மாத்திரை ஒண்ணு குடுத்து, கையில ஊசிய மாட்டி வச்சு, அரை மணிக்கு ஒரு தடவ ரத்தம். சும்மா ஒரு தடவ எடுத்தா போதாதான்னு கேட்டேன். க்ரோத் ஹார்மோன் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்காதாம், விட்டு விட்டுதான் வரும், அதிகமா வர்றது ஆழ்ந்த தூக்கத்துல, பகல்ல எடுத்தா நல்லா இருக்கற பிள்ளைக்கே ஒண்ணுமில்லாத மாதிரி காட்டுமாம். அதனால மாத்திரை குடுத்து தூண்டி விட்டு பாக்கறாங்க. மாத்திரைல பிரஷர் இறங்கி தூங்கிட்டா. நான் பக்கத்துல உக்காந்து அவ மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன், சுரடா சுரடான்னு உள்ளுக்குள்ள.

ஜனவரி 20

நார்மல். ஹார்மோன் நல்லாவே சுரக்குதாம். தைராய்டும் நார்மல். இவர் "அப்பாடா"ன்னு போன வச்சுட்டார். எனக்கு அப்பாடா வரல. எல்லாம் நார்மல்னா ஒரு வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டர் மட்டும் ஏன்?

ஜனவரி 21

அத்தை: "எங்க பக்கம் யாரும் இப்படி இல்லையே."

ஜனவரி 28

வேற டாக்டர். இந்தம்மா உயரத்த மட்டும் பாக்கல. உக்கார வச்சு அளந்தாங்க, ரெண்டு கையையும் விரிக்க சொல்லி விரல் நுனிலேந்து விரல் நுனி வரைக்கும் அளந்தாங்க, முழங்கைலேந்து மணிக்கட்டு தனியா. உடம்பு அளவா இருக்கு, கை காலோட நடுப்பகுதிதான் குட்டைன்னாங்க. அப்புறம் பேசிக்கிட்டே இருந்தவங்க சட்டுனு என் பக்கம் திரும்பி "உங்க கைய காட்டுங்கம்மா".

என் மணிக்கட்டு. சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கிட்டு நிக்கற அந்த எலும்பு. சின்ன வயசுல மரத்துலேந்து விழுந்ததுன்னு எங்க வீட்ல எல்லாரும் சொல்வாங்க, நானும் அதையேதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். அந்தம்மா கட்டைவிரலால அத மெதுவா அமுக்கினாங்க, உள்ள போயி திரும்ப எழும்புச்சு. இன்னொரு கைய கேட்டாங்க. அதுலயும் இருக்கு. விழுந்தா ரெண்டு கையிலயுமா வரும்?

இத்தன வருஷமா பாத்த டாக்டர் ஒவ்வொரு தடவயும் ஒரு கணக்கு போடுவார். அப்பா உயரத்துலேந்து 13 கழிச்சு, அம்மா உயரத்த கூட்டி, பாதியாக்கு. இவர் 168, நான் 144, பாப்பாவுக்கு 149.5. "அம்மா குள்ளம், பொண்ணும் குள்ளம், குடும்ப வாகு, விடுங்க." இந்தம்மா சொன்னது என்னன்னா, அந்த கணக்குல போடற அம்மாவுக்கே ஒரு ஜீன் கோளாறு இருந்தா கணக்கு ஒத்து வரும், ஆனா காரணம் மறைஞ்சு போயிடும். ஒத்து வந்ததாலதான் யாரும் மேல தேடல.

ஷாக்ஸ்னு ஒரு ஜீன். பேரே அப்படித்தான்.

பிப்ரவரி 1

எங்கப்பாவோட பழைய போட்டோ எல்லாம் எடுத்து பாத்துட்டிருந்தேன். எல்லாத்துலயும் முழுக்கை சட்டை.

பிப்ரவரி 6

இடது கை எக்ஸ்-ரே. பாப்பாவுக்கு எட்டரை, எலும்புக்கு ஏழே முக்கால் வயசாம். எலும்பு நுனில இருக்கற வளர்ற தட்டு இன்னும் நல்லா திறந்திருக்கு. திறந்திருக்கு திறந்திருக்குன்னு இன்னிக்கு பூரா சொல்லிட்டு திரியறேன்.

பிப்ரவரி 19

ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு. க்ரோமோசோம் எண்ணிக்கை சரியா இருக்கு, 46, ரெண்டு எக்ஸ்ஸும் இருக்கு, அதனால டர்னர்ங்கற குறைபாடு இல்ல. ஆனா ஒரு எக்ஸ்ஸோட நுனில ஷாக்ஸ் இருக்க வேண்டிய துண்டு காணோம். என் ரத்தத்துலயும் அதே துண்டு காணோம்.

டாக்டர் விளக்கினத மறக்கறதுக்குள்ள எழுதிடறேன். இந்த ஜீன் எக்ஸ் நுனிலயும் இருக்கு, ஒய் நுனிலயும் இருக்கு, அதனால ஆணோ பொண்ணோ எல்லாருக்கும் ரெண்டு காப்பி. ரெண்டும் வேலை செய்யணும். ஒண்ணு போனா முன்னங்கையும் கீழ்க்காலும் குட்டையாகும், மணிக்கட்டு இப்படி வளையும். பொண்ணுங்களுக்குத்தான் கொஞ்சம் ஜாஸ்தியா தெரியும், வயசுக்கு வர்றப்போ. டர்னர் பிள்ளைங்க குள்ளமா இருக்கறதுக்கும் முக்கிய காரணம் இதே ஜீன்தான், அவங்களுக்கு ஒரு எக்ஸ்ஸே முழுசாவோ கொஞ்சமோ இல்லாததால இதுவும் கூடவே போயிடுது. என்கிட்டேந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்கு பாதி வாய்ப்பு.

அத்தைகிட்ட இவரே சொல்லிட்டார். அத்தை ஒண்ணும் பேசல. பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும், நான் பதில் ரெடியா வச்சிருந்தேன்.

பிப்ரவரி 22

ஹார்மோன் நார்மல்னு சொல்லிட்டு ஹார்மோன் ஊசியே போட சொன்னா எப்படி? இதே கேள்விய மூணு விதமா கேட்டுட்டேன், டாக்டர் பொறுமையா மூணு விதமா சொன்னாங்க. குறை ஹார்மோன்ல இல்ல, அது போய் வேலை செய்யற இடத்துல. தட்டுல இருக்கற செல் ஒழுங்கா வரிசை கட்டி வளரல. ஜீன திருப்பி வைக்க முடியாது, அதனால வெளியிலேந்து கூடுதலா ஹார்மோன் குடுத்து தள்ளறது. அதனாலதான் டோஸும் ஹார்மோன் இல்லாத பிள்ளைங்களுக்கு போடறத விட ஜாஸ்தி, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.05 மில்லிகிராம் வரைக்கும். அமெரிக்கால 2006-லயே இதுக்கு அனுமதி குடுத்துட்டாங்க. ஒரு ஆய்வுல ஊசி போட்ட ஷாக்ஸ் பிள்ளைங்க முதல் வருஷம் சராசரியா 8.7 சென்டிமீட்டர் வளர்ந்திருக்காங்க, போடாதவங்க 5.2. முதல் வருஷம்தான் வேகம், அப்புறம் குறையும். தினம் ராத்திரி. தட்டு மூடற வரைக்கும். வருஷக்கணக்குல.

பிப்ரவரி 24

தூக்கம் வராம படிச்சுட்டே கெடந்தேன், படிச்சிருக்க கூடாது. முன்னாடியெல்லாம் இந்த ஹார்மோன செத்தவங்க மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரிலேந்து எடுத்துதான் போட்டிருக்காங்க, 1958-லேந்து. அதுல சிலருக்கு பல வருஷம் கழிச்சு மூளைய அரிக்கற நோய் வந்து, 1985-ல நிறைய நாட்டுல நிறுத்திட்டாங்க. அந்த ரெண்டு மணிக்கு இவர எழுப்பிட்டேன். அவர் கண்ண கசக்கிட்டு போன வாங்கி கீழ வரைக்கும் படிச்சு காட்டினார், அதே 1985-லேந்து பாக்டீரியாவ வச்சு தயாரிக்கறது வந்துடுச்சு, இப்போ மனுஷ உடம்புலேந்து எடுக்கறதே இல்லன்னு. மீதிய நீ படிக்கவே இல்லையான்னார். படிக்கல. பயந்ததுல அங்கயே நின்னுட்டேன்.

இன்னொண்ணும் படிச்சேன். 2022-ல 54 லட்சம் பேரோட டிஎன்ஏவ பாத்து உயரத்தோட சம்பந்தப்பட்ட 12,000 மாறுதல் கண்டுபிடிச்சிருக்காங்க, ஒவ்வொண்ணும் துளித்துளியா கூட்டி குறைக்குது. எல்லாருக்கும் பன்னெண்டாயிரம், எங்களுக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணு மொத்தமா.

மார்ச் 3

போடணுமான்னே தெரியல. 144 சென்டிமீட்டர்ல எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? படிச்சேன், வேலைக்கு போறேன், வண்டி ஓட்டறேன். மேல் அலமாரி எட்டாது, ஸ்டூல் போட்டுப்பேன். நான் ஒரு வியாதி இல்ல. அப்படியிருக்க இவளுக்கு ஊசி போட்டா நான் என்ன சொல்றேன், என்ன மாதிரி ஆயிடாதன்னா?

சாயங்காலம் இவர்கிட்ட இதையே சொன்னேன். "நீ ஸ்கூல்ல க்ரூப் போட்டோவுக்கு போன கதைய சொல்லியிருக்கியே"ன்னார். கோவம் வந்துச்சு. சொல்லியிருக்கேன்தான்.

மார்ச் 5

பாப்பாகிட்ட கேட்டோம். "வலிக்குமா?" கொஞ்சம். "லேசாவா நிறையவா?" லேசா. "சரி." அவ்ளோதான். நாங்க ரெண்டு பேரும் மாசக்கணக்கா மண்டைய உடைச்சுக்கிட்டது.

மார்ச் 11

முதல் ஊசி. நர்ஸ் சொல்லிக் குடுத்தாங்க. பேனா மாதிரிதான் இருக்கு. ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், உறையக் கூடாது. குலுக்கக் கூடாது. காத்து குமிழி இருந்தா நிமித்தி பிடிச்சு தட்டி ஒரு சொட்டு வெளிய விடணும். தொடைய லேசா கிள்ளிப் பிடிச்சு நேரா குத்தி, பட்டன அழுத்தி, பத்து எண்ணிட்டுதான் எடுக்கணும், அவசரப்பட்டு எடுத்தா மருந்து தோல்ல வழிஞ்சிடும். ஒரே இடத்துல போட்டா குழி விழும், அதனால இன்னிக்கு வலது தொடை, நாளைக்கு இடது, அப்புறம் வயிறு.

பத்து வரைக்கும் பாப்பாவே எண்ணினா. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல கொஞ்சம் இழுத்தா.

மார்ச் 12

இன்னிக்கு நான் போட்டேன். கை நடுங்கல.

மார்ச் 19

"உனக்கு சின்ன வயசுல ஏன் போடல?"

அப்போ யாருக்கும் தெரியாதுடா, இந்த ஜீன கண்டுபிடிச்சதே 1997-லதான், அதுக்குள்ள எனக்கு எலும்பு மூடிடுச்சுன்னேன். அப்போ பாட்டிக்கு கோவம் வந்திருக்குமான்னு கேட்டா. எந்த பாட்டின்னு நான் கேக்கல.

மார்ச் 20

114 இருக்கும் போல. இல்ல, ஒம்பது நாளைக்குள்ள ஒண்ணும் ஆகாது. டேப்ப இவர் கார்ல வச்சு பூட்டிட்டார்.

ஏப்ரல் 2

தலைவலிங்கறா. காலைல எந்திரிக்கறப்பவே. ஒரு தடவ வாந்தி. தலைவலியோட வாந்தி, கண்ணு மங்கறது இதெல்லாம் வந்தா காத்திருக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னாங்க, மண்டைக்குள்ள அழுத்தம் கூடலாம். ராத்திரி ஊசிய நிறுத்த சொல்லிட்டாங்க. கண்ணுக்கு பின்னாடி நரம்பு வீங்கியிருக்கான்னு பாக்கணும். நாளைக்கு காலைல முதல் டோக்கன்.

நானா கேட்டு வாங்கினேனே, நாலு சென்டிமீட்டருக்காக.

ஏப்ரல் 3

கண்ணு நார்மல். வீக்கம் இல்ல. காய்ச்சல் வந்துடுச்சு, சாதாரண வைரஸ். பக்கத்து பெஞ்ச் பையனுக்கும் இதேதானாம்! நான் வெயிட்டிங் ஹால்ல உக்காந்து சிரிச்சதுல எல்லாரும் திரும்பி பாத்தாங்க.

ஏப்ரல் 8

திரும்ப ஆரம்பிச்சாச்சு. பாதி டோஸ்ல, மெதுவா ஏத்தலாம்னு.

ஏப்ரல் 15

அத்தை இன்னிக்கு ஊசி போடறப்போ பக்கத்துல வந்து உக்காந்தாங்க. பாப்பாவோட இன்னொரு கைய பிடிச்சுக்கிட்டாங்க. போட்டு முடிச்சதும் என் மணிக்கட்டையே கொஞ்ச நேரம் பாத்துட்டு "குளிர் காலத்துல வலிக்குமா உனக்கு"ன்னு கேட்டாங்க. கல்யாணம் ஆன நாள்லேந்து இந்த வீட்ல யாரும் கேக்கல. வலிக்கும், துணி பிழியறப்போ ஜாஸ்தின்னேன். நாளைலேந்து பிழியாத, மெஷின்ல போடுன்னாங்க. மெஷின் எப்பவோ இருக்கு, அத தொடக்கூடாதுன்னு சொன்னதே அவங்கதான்.

ஏப்ரல் 17

பென் நீடில் தீரப்போகுது, இவர்கிட்ட சொல்லணும். எட்டாம் தேதி எடுத்த தைராய்டு ரிப்போர்ட்டும் இன்னும் வரல.