எட்டாம் நாள் காய்ச்சல்

பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாலு வருடம் வார்டில் வேலை பார்த்தவள் நான். துணை சுகாதார நிலையத்தில் நோயாளிகளை முதலில் பார்க்கும் இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலைக்கான 6 மாதச் சான்றிதழ் படிப்பில் சேர்ந்தபோது, நோயாளியைப் பரிசோதிப்பது தெரிந்த வேலைதானே என்று நினைத்தேன். ஆனால் வார்டுக்கு வரும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் நோயின் பெயர் ஏற்கெனவே எழுதியிருக்கும். துணை சுகாதார நிலையத்தில் ஸ்டூலில் வந்து உட்காருபவர் "உடம்பு சரியில்லம்மா" என்பார். அதிலிருந்து நாம்தான் தொடங்க வேண்டும்.

முதலில் திணறியது கேள்வி கேட்பதில். "ஜுரம் இருக்கா, இருமல் இருக்கா, வாந்தி இருக்கா" என்று அடுக்குவேன். எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா" என்றே பதில் வரும். சொல்லிக்கொடுத்த மேடம் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துவிட்டு, "என்ன தொந்தரவுன்னு ஒரே ஒரு தடவை கேளுங்க. அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் பேனாவைத் தொடாதீங்க" என்றார். நாள் கணக்கு வாங்குவது அதைவிடக் கஷ்டம். "எத்தனை நாளா?" என்றால் "ரொம்ப நாளா" என்பார்கள். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக்காரர்களிடம், "போன பொய்கைச் சந்தைக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் போதும், சந்தை கூடும் செவ்வாய்க்கிழமையை வைத்துத் துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். மூன்றாம் நாள் காய்ச்சலுக்கும் எட்டாம் நாள் காய்ச்சலுக்கும் நாம் யோசிக்க வேண்டிய நோய்கள் வேறு. அதனால் அந்தக் கணக்கை விடவே கூடாது.

மூச்சு எண்ணுவதையும் புதிதாகத்தான் கற்றேன். வார்டு அவசரத்தில் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கியிருக்கிறேன். இங்கே முழுதாக 1 நிமிடம். இரண்டு மாதத்துக்கு மேல், ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை நிமிடத்துக்கு 50 தடவை மூச்சு விடுகிறதா, 45 தடவையா என்பதை வைத்து முடிவே மாறிவிடும்.

நவம்பர் மாதம், மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கி முடிந்த சமயம். ஐம்பது வயதிருக்கும், ஓர் அம்மா வந்தார். எட்டு நாளாக ஜுரம், மண்டை இடி, உடம்பு வலி. மெடிக்கலில் இரண்டு தடவை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டும் விடவில்லை. நாடி, ரத்த அழுத்தம் பார்த்தேன், தொண்டையைப் பார்த்தேன், புடவைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெஞ்சைக் கேட்டேன். "வைரல் ஜுரம் மாதிரி தெரியுது மேடம்" என்று போய்ச் சொன்னேன்.

"முழுசாப் பாத்தீங்களா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. திரும்பிப் போய் மறைப்புத் துணியை இழுத்துவிட்டு, எதற்காகப் பார்க்கிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லி, சம்மதம் கேட்டேன். அக்குள், இடுப்பில் பாவாடை நாடா இறுகும் இடம், தொடை இடுக்கு என்று டார்ச் அடித்துக்கொண்டே வந்தேன். இடது மார்புக்கு அடியில் இருந்தது. பீடி நெருப்பு பட்டுக் காய்ந்த மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு விளிம்பு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை என்பதால் அவருக்கே அது தெரியவில்லை. அதன் பெயர் எஸ்கார். உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் இளம் பருவம் கடித்துப் பரவுவது. வேலூர்ப் பக்கம் மழைக்காலத்திலும் அடுத்து வரும் குளிர் மாதங்களிலும் அதிகம் வரும். ஆட்டுக்குத் தழை அறுக்க எங்கே போவீர்கள் என்று அப்புறம்தான் கேட்டேன். கொல்லிமேட்டுப் புதரில் தினமும் உட்கார்ந்து அறுப்பாராம்.

அவருக்கு மூச்சும் வேகமாக, நிமிடத்துக்கு 26 இருந்தது. இந்தக் காய்ச்சலை விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, எஸ்கார் இருக்கும் இடத்தையும் மூச்சு எண்ணிக்கையையும் எழுதி அனுப்பினோம். அங்கே டாக்டர் ரத்தம் எடுத்தார், ஆனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை ஆரம்பித்துவிட்டார். இரண்டு நாளில் ஜுரம் இறங்கியது. எஸ்கார் எல்லோருக்கும் இருக்காது, அது இல்லாததால் இந்த நோய் இல்லை என்றும் ஆகாது என்பதை மேடம் அன்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

தேர்வு நல்லபடியாக முடிந்தது. இப்போது நான் இருக்கும் நிலையத்தில் வந்த வாரமே ஜன்னலுக்குத் துணி தைத்துப் போட்டேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்தது, அதையும் கேட்டு வாங்கிப் போட வைத்தேன். காய்ச்சல் என்று வருகிற பெண்களிடம், "உள்ள வாங்கம்மா, யாரும் வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் டார்ச்சை எடுக்கிறேன்.