பூநாரை தேடிப் போன மழைப் பயணம்

மார்கழி மழையில் காரை எடுத்துக்கொண்டு கோடியக்கரைக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் ஒருவரும் பாராட்டவில்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வானிலைச் செய்தி வேறு. அக்கா மட்டும், "நான் ஓட்டுறேன், நீ பறவையைப் பாரு" என்றாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதிலிருந்து வைப்பர் ஓயவில்லை. முதல் நிறுத்தம் மரக்காணம் அருகே கழுவேலி. 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்த சதுப்பு நிலம். 2021-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்தது. எங்களுக்குக் கிடைத்தது சாம்பல் நிறத்தில் ஒரு மழைத்திரை மட்டும்தான். அதற்கு அப்பால் எங்கோ வாத்துகள் கத்தின. ஏசி காரிலிருந்து இறங்கிய நொடியே பைனாகுலரில் ஆவி படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. அப்புறம் ஏசியை அணைத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டே போனோம். என் இடது தோள் நனைந்தது, லென்ஸ் தெளிந்தது.

கடலூர், சிதம்பரம் எல்லாம் மழையிலேயே கடந்து போயின. கொள்ளிடம் தாண்டிய பிறகுதான் ஆட்டம் சூடு பிடித்தது. சாலையோர மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக, தலையை உள்ளிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. வடக்கே இருந்து குளிருக்குத் தப்பி வந்தவை. இங்கே வந்து இப்படி நனைகின்றன.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வயல் எது, வாய்க்கால் எது என்று தெரியாதபடி தண்ணீர். அதில் நத்தைக்குத்தி நாரைகள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி அறுபதோடு விட்டுவிட்டேன். அலகை முழுதாக மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவித் தின்பதற்கு வாகான அலகு அது. குஞ்சுகளுக்கு இந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் வரும். பத்தடி தூரத்தில் ஒன்று நத்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. காரைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. கிட்டத்தில் பார்க்கலாமே என்று கதவைத் திறந்தேன், அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் எழும்பிவிட்டது. அதற்குப் பிறகு நான் இறங்கவே இல்லை. மீசை ஆலாக்கள் நாற்றுக்கு மேல் தாழப் பறந்து பறந்து எதையோ கொத்தியதையும் சீட்டில் இருந்தபடியே பார்த்தேன்.

வேதாரண்யத்தைத் தாண்டி அகத்தியம்பள்ளி. 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய இடம். பாத்திகள் எல்லாம் மூழ்கி ஒரே ஏரியாகக் கிடந்தன, உப்புக்கு இது ஓய்வுக் காலம். கோடியக்கரைக் காட்டுக்குள் வெளிமான்கள் புல்வெளியில் மழையைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன. கருத்த கிடா ஒன்று கொம்பு சொட்டச் சொட்ட எங்களையே பார்த்தது. இது 1967-லேயே சரணாலயம் ஆன காடு.

நாங்கள் வந்தது பூநாரைக்கு. ஒன்றுகூட இல்லை.

"இவ்வளவு தண்ணி நின்னா எப்படிங்க இருக்கும்? சேறு ஆழத்துல போயிடுச்சுல்ல" என்றார் வனக்காவலர். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும் பறவை. அதற்கு ஆழம் குறைந்த நீர் வேண்டும். ஊரெல்லாம் குளமாகிவிட்டால் மற்ற நீர்ப்பறவைகளும் சரணாலயத்தில் அடைந்து கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. வயல், குட்டை என்று சிதறிவிடுகின்றன. வழியெல்லாம் பார்த்தோமே, அது இதுதான். "தண்ணி வத்தட்டும், தை கடைசியில வாங்க" என்றார்.

திரும்பும்போது நான் பேசாமல் வந்தேன். அதே வயல்களை நெருங்கியதும் அக்கா வண்டியை மெதுவாக்கினாள். நத்தைக்குத்திகள் பழையபடி இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன.

"அதான் இத்தனை நாரை இருக்கே. பூ ஒண்ணுதானே குறையுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை கதவைத் திறக்கவில்லை.