ஹெய்ட் தெருப் பூவும் ஓக்லாந்து சிக்னலும்

சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட் தெருவுக்குள் நுழைந்ததுமே கண்ணில் படுவது விலைச்சீட்டுதான். சாயம் சுழன்ற டி-ஷர்ட், ஊதுபத்தி, சமாதானச் சின்னம் போட்ட சாவிக்கொத்து, கஞ்சா புகைக்கக் கண்ணாடிக் குழாய். ஹெய்ட்டும் ஆஷ்பரியும் சந்திக்கும் மூலையில் தெருப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுக்க ஒரு கூட்டம். 1967 கோடையில் அமெரிக்கா முழுவதிலுமிருந்து ஹிப்பிகள் எனப்பட்ட இளைஞர்கள் தலையில் பூவும் தோளில் பையுமாக வந்து குவிந்த இடம் இதுதான். கொஞ்சம் மேடேறினால் 710 ஆஷ்பரி, கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு குடியிருந்த வீடு. உள்ளே போக முடியாது, இப்போதும் அதில் யாரோ குடியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் கேலி செய்யத் தேவையில்லை. அங்கே இருந்தவர்களே முந்திக்கொண்டார்கள். அதே 1967 அக்டோபர் 6-ம் தேதி ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். 'ஹிப்பி' செத்துவிட்டான், பத்திரிகைக்காரர்களும் டிவிக்காரர்களும் சேர்ந்து கொன்றுவிட்டார்கள் என்பது அதன் பொருள். டிக்கர்ஸ் என்ற குழு பக்கத்துப் பூங்காவில் வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போட்டது. அந்த ஜூனில் இங்கே ஒரு இலவச மருத்துவமனையும் தொடங்கியது. கடைகளில் விற்கும் நினைவுப் பொருட்களில் சாப்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் இடமில்லை. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன்.

விரிகுடாவைத் தாண்டினால் பெர்க்லி, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். அறுபதுகளில் இந்த இரண்டு கரைக்காரர்களுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. பெர்க்லிக்காரன் பார்வையில் ஹெய்ட்காரன் போதையில் நாட்டை மறந்தவன். ஹெய்ட்காரன் பார்வையில் பெர்க்லிக்காரன் ஓயாமல் கூட்டம் போட்டுப் பேசுகிறவன். இரண்டு பேரையும் சேர்த்துவைக்கத்தான் 1967 ஜனவரி 14 அன்று கோல்டன் கேட் பூங்காவில் பெரிய ஒன்றுகூடல் நடத்தினார்கள். கவிஞர்களும் ராக் குழுக்களும் மேடையேறினார்கள், ஆயிரக்கணக்கில் கூட்டம். ஆனால் கொண்டாட்டம் முடிந்ததும் அவரவர் கரைக்குத் திரும்பிவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

பெர்க்லிக்கு என் அக்கா மகன் காரில் கூட்டிப்போனான். விரிகுடாவின் தெற்கே ஐ.டி. வேலை, ஹெச்-1பி விசா. வழியில் அவனிடம், "நீ இங்கே இருப்பதே அந்தப் பத்தாண்டின் புண்ணியம்தான்" என்றேன். 1946 முதல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர்தான் ஒதுக்கீடு. சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்திலிருந்த 1965-ல்தான் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம் அந்த நாட்டுவாரிக் கணக்கைத் தூக்கி எறிந்தது. "கிரீன் கார்டு வரிசையில் நின்று பாருங்க மாமா, அப்புறம் சொல்லுங்க" என்றான். அவன் கஷ்டம் அவனுக்கு.

பல்கலைக்கழகத்தின் ஸ்ப்ரௌல் திடலில் இன்றைக்கும் மாணவர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடனக் குழுவுக்கு ஆள் பிடிக்கிறவர்கள், துண்டுத்தாளை நீட்டுகிறவர்கள், மதம் பேசுகிறவர்கள். 1964-ல் பேச்சுரிமை இயக்கம் என்ற பெயரில் வெடித்த சண்டையே இந்த மேஜைகளுக்காகத்தான். அந்தக் கோடையில் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போய்க் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய உதவிய மாணவர்கள் சிலர் இங்கே திரும்பி வந்து, டெலிகிராஃப் தெரு முனை நடைபாதையில் மேஜை போட்டு நிதி திரட்டினார்கள். அந்த இடம் நகராட்சியுடையது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பல்கலைக்கழகமோ, அது எங்கள் நிலம், இங்கே அரசியல் கூடாது என்று செப்டம்பரில் தடை போட்டது. அக்டோபர் 1-ம் தேதி மேஜையில் இருந்த ஜாக் வைன்பெர்க் என்ற முன்னாள் மாணவரைப் பிடித்துப் போலீஸ் காரில் ஏற்றினார்கள். கார் நகரவில்லை. சுற்றிலும் மாணவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

32 மணி நேரம் அந்தக் கார் அதே இடத்தில் நின்றது. வைன்பெர்க் உள்ளேயே இருந்தார். கார் கூரைதான் மேடை. ஒவ்வொருவராக ஏறிப் பேசினார்கள். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த துணுக்கு ஒன்று உண்டு. தத்துவம் படித்துக்கொண்டிருந்த மரியோ சாவியோ, கூரை நசுங்கக் கூடாதே என்று ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். போலீஸ் காரைச் சிறைபிடிப்பவனுக்கு அதன் பெயின்ட் மேல் இருந்த அக்கறையைப் பாருங்கள்.

டிசம்பர் 2 அன்று ஸ்ப்ரௌல் மாளிகைப் படிகளில் நின்று அதே சாவியோ பேசிய பேச்சு பிரபலம்: இயந்திரம் சகிக்க முடியாததாகும்போது அதன் பல்சக்கரங்களின் மேல் உடம்பைக் கிடத்தியாவது நிறுத்த வேண்டும் என்ற பொருளில். ஜோன் பேயஸ் பாட, மாணவர்கள் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். சுமார் 800 பேர் கைது. சில நாளில் பேராசிரியர்கள் கூடி 824-க்கு 115 என்ற வாக்கில் மாணவர்கள் பக்கம் நின்றார்கள். 1997-ல் அந்தப் படிகளுக்குச் சாவியோ பெயரையே வைத்துவிட்டார்கள். நான் போனபோது அதில் உட்கார்ந்து ஒரு பெண் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திடலில் தரையைப் பார்த்து நடந்தால் அந்த இயக்கத்தின் நினைவாக வைத்த ஒரு கிரானைட் வட்டம் கிடைக்கும். நடுவில் ஆறு அங்குல அகலத்துக்கு வெறும் மண். இந்த மண்ணும் இதன் மேலுள்ள வான்வெளியும் எந்த நாட்டையும் சேர்ந்ததல்ல, எவருடைய அதிகாரத்துக்கும் உட்பட்டதல்ல என்று சுற்றிலும் பொறித்திருக்கிறது. இயக்கத்தின் பெயரோ ஆண்டோ அந்த வாசகத்தில் இல்லை. நான் நின்ற நேரத்தில் ஐம்பது பேராவது அதை மிதித்துத் தாண்டினார்கள்.

எல்லாம் சுபமாக முடியவில்லை. 'பெர்க்லிக் குப்பையைச் சுத்தம் செய்கிறேன்' என்று பிரசாரம் செய்துதான் ரீகன் 1966-ல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். 1969-ல் பல்கலைக்கழகத்தின் காலி மனையொன்றில் மக்களே செடி நட்டுப் பூங்கா ஆக்க, மே 15 விடியற்காலையில் அதற்கு வேலி போட்டார்கள். அன்று நடந்த மோதலில் கூரையில் நின்றிருந்த ஜேம்ஸ் ரெக்டர் என்ற இளைஞர் போலீஸ் குண்டு பட்டுச் சில நாளில் இறந்தார். தேசியக் காவற்படை ஊருக்குள் வந்தது. ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப்புகை தூவினார்கள். அந்தப் பூங்காவை 2024 ஜனவரியில் சரக்குப் பெட்டகங்களை அடுக்கி அடைத்துவிட்டார்கள், மாணவர் விடுதி கட்டுவதற்காக. விடுதி தேவைதான், இங்கே வாடகை அப்படி. ஆனாலும் அந்த இரும்புச் சுவர் ஓரமாக நடந்தபோது எனக்கு மனசு ஒப்பவில்லை.

பக்கத்து ஊரான ஓக்லாந்தில் 55-ம் தெருவும் மார்க்கெட் தெருவும் சந்திக்கும் இடத்துக்குப் போகச் சொன்னபோது மருமகன் முழித்தான். "அங்கே என்ன மாமா இருக்கு? சிக்னல்தானே?" ஆமாம், சிக்னல்தான்.

ஹ்யூயி நியூட்டனும் பாபி சீலும் 1966 அக்டோபரில் கறுப்பின மக்களின் உரிமைக்காகக் கறுஞ்சிறுத்தைக் கட்சியை (பிளாக் பாந்தர்) தொடங்கியது இந்த ஊரில். கறுப்புத் தொப்பி, தோல் ஜாக்கெட், கையில் துப்பாக்கி: உலகம் பார்த்த போஸ்டர் அது. இந்தச் சந்திப்பில் பள்ளிப் பிள்ளைகள் கார்களில் அடிபட்டுச் செத்தார்கள். சிக்னல் கேட்டு மனுக் கொடுத்தவர்களிடம், ஆகட்டும் பார்க்கலாம் என்பதுபோலத்தான் நகராட்சி பேசியது. கட்சிக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து நடுத்தெருவில் நின்று, வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைத் தெருவைக் கடக்க வைத்தார்கள். 1967 ஆகஸ்ட் 1 அன்று சிக்னல் வந்தது. இந்தத் தேதியோடு கம்பத்தில் ஒரு பலகை இருக்கிறது, அவ்வளவுதான். டி-ஷர்ட் விற்க ஒரு கடைகூடக் கிடையாது.

1969 ஜனவரியில் இதே ஊரில் புனித அகஸ்டின் தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கினார்கள். விரைவிலேயே மற்ற நகரங்களுக்கும் பரவியது. அதே ஆண்டு எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர், நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புக்கு மிகப் பெரிய ஆபத்து இந்தக் கட்சிதான் என்றார். கட்சியைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. உள்ளேயே அடிதடியும் கொலையும் இருந்தன. நியூட்டன் 1989-ல் மேற்கு ஓக்லாந்துத் தெருவில் சுடப்பட்டுச் செத்தது போதைத் தகராறில். ஆனால் அமெரிக்காவின் அறுபதுகளைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் யாராவது வழி கேட்டால், முதலில் இந்தச் சிக்னலைத்தான் சொல்வேன். அப்புறம் ஸ்ப்ரௌல் திடல். நேரம் மிச்சமிருந்தால் ஹெய்ட்.

மெக்ஆர்தர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வரலாம், கொஞ்சம் தூரம்தான். பகலில் போங்கள். காரில் போனால் சீட்டில் பை எதையும் விட்டுவைக்காதீர்கள், கண்ணாடியை உடைத்துவிடுவார்கள். டவுன்டவுனில் பிராட்வே தெருவில் கறுஞ்சிறுத்தைகளுக்கான அருங்காட்சியகமும் இருக்கிறது.

மருமகன் அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துத் தன் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டான். அங்கே வேகத்தடை கேட்டு வெகுநாளாக ஈமெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம். அடுத்த நிமிடமே ஒரு பதில் வந்தது: "சரி, நம்மில் யாருக்கு கிரீன் கார்டு வந்திருக்கு? அவங்க முன்னாடி நில்லுங்க."