ஆத்து யாவாரத்துல பொறந்த சாங்கோ

கொஞ்ச நாளா சாங்கோ மொழியைப் பத்தித்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். அதைப் பேசுறது மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுல, கடலே தொடாத நாடு, வடக்க சாட், மேக்க கேமரூன், தெக்க காங்கோ. ஏறக்குறைய 70 மொழி இருக்கிற ஊரு அது, ஆனா எந்த மூலையிலேர்ந்து வந்தாலும் தலைநகர் பாங்கி சந்தைல பேரம் பேசணும்னா சாங்கோதான்.

உபாங்கின்னு பெரிய ஆறு ஓடுது அங்க, அதுல ஓடம் விட்டு மீன் புடிச்சு யாவாரம் பண்ணுன சனங்க பேசுனது ங்பாண்டி மொழி. 1880-கள்ல பெல்ஜியக்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் அந்தப் பக்கம் வந்தப்ப கூடவே சிப்பாய், சுமைகூலி, படகாளுன்னு மேற்கு ஆப்பிரிக்காவுலேர்ந்தும் காங்கோ பக்கத்துலேர்ந்தும் ஏகப்பட்ட பேரைக் கூட்டிட்டு வந்தாங்க, ஒருத்தர் பேசுறது இன்னொருத்தருக்குப் புரியாது, வேலை நடக்கணும், சோறு வாங்கணும், அப்ப அந்த ஆத்தங்கரை மொழியைப் புடிச்சு ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி சுருக்கிப் பேசிப் பேசி உருவானதுதான் சாங்கோன்னு வில்லியம் சாமரின்ங்கிற மொழியியலாளர் சொல்றாரு. வெள்ளைக்காரங்க வர்றதுக்கு முன்னாடியே அது ஆத்து யாவார மொழியா இருந்துச்சுன்னு சொல்றவங்களும் உண்டு. எனக்கு சாமரின் பக்கம்தான் ஞாயம் இருக்குன்னு படுது. அப்புறம் பாதிரிமாருங்க சாங்கோலயே பிரசங்கம் பண்ண, உள்நாட்டு ஊருக்கெல்லாம் பரவிருச்சு.

இலக்கணம் பாத்தா அசந்துபோவீங்க. நம்ம போனேன், போனான், போனாள்னு ஆளுக்கு ஆள் வினையை மாத்துறோம்ல, அங்க ம்பின்னா நான், மோன்னா நீ, லோன்னா அவனும் அதுதான் அவளும் அதுதான், இதுல எதுக்காகவும் வினைச்சொல் மாறாது. ஆனா அதை வச்சு லேசா நினைச்சுறாதீங்க, மூணு சுருதி இருக்கு, ஏத்த இறக்கம் மாறுனா அர்த்தமே மாறிரும். 1984-ல எழுத்துமுறையை அரசாணையாவே போட்டாங்க, தாழ்ந்த சுருதிக்கு குறி கிடையாது, நடுச் சுருதிக்கு மேல ரெண்டு புள்ளி, உசந்ததுக்கு குல்லா மாதிரி ஒரு கோடு.

இந்த மாதிரி மொழிகளை அரைகுறைப் பாஷைன்னு சொல்றதைக் கேட்டா எனக்குக் கோவம்தான் வருது. எங்க ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி யாவாரத்துக்குப் போனவுக, மலேசியாவுல பினாங்கு கிட்டங்கில, அதாவது செட்டியார் வட்டிக்கடைல, எடுபிடி வேலை பாக்குற பெட்டியடிப் பையனா சேந்து, முதலாளியோட ஏஜெண்டுக்கு அடுத்த இடத்துல இருக்குற அடுத்தாளா உசந்தவுக. சீனக் கடைக்காரர், மலாய்க்காரர், நம்ம ஆளுன்னு எல்லாருக்கும் பொதுவா இருந்தது பசார் மலாய்ங்கிற சந்தை மலாய், ஐயா அதை எந்தப் பள்ளிக்கூடத்துலயும் படிக்கல, ஆனா அதுலயேதான் கடன் குடுத்து, தவணை கேட்டு, சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருக்காக. எங்க செட்டிநாட்டுல கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் நிக்கிற பெரிய வீடுகள்ல பல வீட்டுப் பணம் இப்படி ஊர்ப் பொது மொழியில பேசி வந்த பணம்தான். அது எப்படிங்க அரைகுறையாகும்?

சாங்கோவுக்கு இன்னொண்ணும் நடந்துச்சு. பாங்கில வேற வேற இனத்துல கல்யாணம் பண்ணுனவங்க வீட்ல சாங்கோ பேச, பிள்ளைங்களுக்கு அதுவே தாய்மொழியாயிருச்சு. 1991-ல பிரெஞ்சோட சேத்து ஆட்சி மொழியாவும் ஆக்கிட்டாங்க. பொதுவா ஒரு மொழி இருந்தா சண்டை வராதுன்னு நான் சொல்ல வரல, 2013-ல உள்நாட்டுக் கலவரத்துல அந்த நாடு பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா. ஆனா அந்தக் கலவரத்துலயும் யாரு செத்தாங்க, எந்த ரோடு தெறந்திருக்குன்னு சனங்க தெரிஞ்சுக்க சாங்கோ ரேடியோதான் வேணும், ரேடியோ ந்தெகே லூக்கா 2000-லேர்ந்து சாங்கோலயும் பிரெஞ்சுலயும் ஒலிபரப்பு பண்ணுது.

பள்ளிக்கூடத்துலதான் இன்னும் பிரெஞ்சு ராஜ்ஜியம். பொறந்ததுலேர்ந்து சாங்கோ பேசுற பிள்ளை மொத நாள் கிளாஸ்ல போய் உக்காந்தா டீச்சர் பேசுறது வேற பாஷை, அது பாவம் வாயே தெறக்காம உக்காந்திருக்கும். ஒண்ணாவது ரெண்டாவதுக்காச்சும் சாங்கோல முழுசா பாடம் நடத்தணும். எழுத்து இருக்கு, சட்டம் இருக்கு, நாடு பூராவும் பேசுற சனம் இருக்கு, இதுக்கு மேல எதுக்காகக் காத்திருக்காங்க?