பிறையும் ரோஸ்டரும்

மார்ச் 1, 2025, சனி

பிறை தெரிந்துவிட்டதாகத் தலைமை காஜியின் அறிவிப்பு வந்துவிட்டது. நாளை ரமலானின் முதல் நோன்பு. இளையான்குடியிலிருந்து அம்மா போன வாரமே வந்து இறங்கிவிட்டதால் சமையலறை அதிகாரம் கைமாறிவிட்டது. என் மனைவி சந்தோஷமாகவே விட்டுக்கொடுத்துவிட்டாள். மகனும் நானும் பல்லாவரம் பள்ளிவாசலுக்குப் போய் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் தொழுதுவிட்டு வந்தோம். பாதி வரைக்கும் நின்றான், அப்புறம் தூணில் சாய்ந்துவிட்டான்.

சென்னை விமான நிலையத்தில் விமானங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. ஷிஃப்ட் ரோஸ்டர் பார்த்தேன். மாதத்தின் முதல் பாதி பகல், பிறகு பெரும்பாலும் இரவு. நோன்பு வைத்துக்கொண்டு நைட் ஷிஃப்டா என்று பார்ப்பவர்கள் எல்லாம் பரிதாபப்படுவார்கள். உண்மை தலைகீழ். ராத்திரி சாப்பிடலாம், வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்கலாம். பகல் இரண்டு மணிக்கு மீனம்பாக்கத்தில் விமானங்கள் நிற்கும் ஏப்ரனில், கான்கிரீட் தரையும் இப்போதுதான் இறங்கிய விமானத்தின் பிரேக்கும் சேர்ந்து கக்கும் சூட்டில்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

இன்சார்ஜிடம் வருடாவருடம் சொல்வதை இந்த வருடமும் சொல்லிவிட்டேன். நோன்பு சார், மூன்று மணிக்கு மேல் உயரத்தில் ஏறும் வேலை எனக்கு வேண்டாம். அவரும் வருடாவருடம் சொல்வதையே சொன்னார்: “சொன்னவரைக்கும் நல்லது பாய்.”

மார்ச் 5, புதன்

காலை ஷிஃப்ட். ஏ320 விமானம் ஒன்றில் மெயின் வீல் மாற்ற வேண்டியிருந்தது. டயரில் ஆழமான வெட்டு. சேகர் அண்ணனும் நானும்.

வீல் மாற்றுவது காருக்கு ஸ்டெப்னி போடுவதைப் போலத்தான் என்று என் மச்சான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஜாக்கி போடும் வரைக்கும் அவர் சொல்வது சரி. அச்சு நட்டை இறுக்கும்போதுதான் வேலையே இருக்கிறது. ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் டார்க்கை, அதாவது இறுக்கும் விசையை, அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். சுற்றாமல் இறுக்கினால் உள்ளே பேரிங் சரியாக உட்காராது. முதலில் அதிகமான டார்க்கில் இறுக்கி, தளர்த்தி, மறுபடி குறைவான டார்க்கில் இறுக்கி, அப்புறம்தான் லாக். எத்தனை தடவை செய்திருந்தாலும் மேனுவல் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்கிறோம். மனப்பாடமாகத் தெரியும் என்று சொல்பவனை எங்கள் ஹேங்கரில் யாரும் மெச்சமாட்டார்கள்.

காற்று என்று வாய் தவறிச் சொல்கிறோமே தவிர, டயருக்குள் போவது நைட்ரஜன். கார் டயரில் முப்பது சொச்சம் பிஎஸ்ஐ என்றால் இதில் இருநூறு வாக்கில். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. பிரேக் கொதித்தால் உள்ளேயே தீப்பிடித்து வெடிக்கலாம். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் ஒரு போயிங் 727 அப்படித்தான் போனது. பிரேக் சூடேறி, நைட்ரஜனுக்குப் பதில் வெறும் காற்று அடைத்திருந்த டயர் பறக்கும்போது வெடித்து, 167 பேரும் இறந்தார்கள். புதிதாக வந்திருக்கும் பையன்களுக்கு சேகர் அண்ணன் இதை ஒவ்வொரு வீல் மாற்றும்போதும் சொல்வார். இன்றும் சொன்னார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நானும் கேட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

வார ஓய்வு. பிற்பகல் அஸர் தொழுகைக்கு அப்புறம் தூக்குவாளியோடு கஞ்சி வரிசையில் மகனை நிறுத்தினேன். அரசு பள்ளிவாசல்களுக்குக் கொடுக்கும் பச்சரிசியில் பாசிப்பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கொத்துக்கறி, தேங்காய்ப்பால், கடைசியில் புதினா. எங்கள் தெருவில் நோன்பு வைக்காத வீட்டுப் பிள்ளைகளும் வாளியோடு வந்து நிற்கும். நாளைக்கு வேலைக்கும் ஒரு வாளி கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் சேகர் அண்ணன் ஒரு வாரத்துக்குப் பேசமாட்டார்.

விரலிடுக்கில் ஒட்டிய சீலண்ட் இன்னும் போகவில்லை. விமானத்தின் எரிபொருள் தொட்டியில் கசிவை அடைக்கிற சரக்கு அது, லேசில் விடுமா? கிரீஸ் என்றால் சோப்புத்தூளும் பழைய துணியும் போதும். சீலண்ட் காய்ந்துவிட்டால் தோலின் மேல் இன்னொரு தோலாக உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் தோலில் படாமல், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு நிறைவேறாது. மகள் பழைய டூத் பிரஷ் கொண்டுவந்து, என் கையைத் தன் மடியில் வைத்து, நகக்கண் நகக்கண்ணாகத் தேய்த்து எடுத்தாள். “அத்தா, கிளவுஸ் போடவே மாட்டீங்களா?” போடுகிறேன் கண்ணு. கிளவுஸைக் கழற்றினால்தான் கைபோகிற இடங்களும் அந்தத் தொட்டியில் உண்டு.

மார்ச் 14, வெள்ளி

ஜும்ஆ பயானில் (சொற்பொழிவில்) பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒட்டகத்தின் கதையைச் சொன்னார். திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் வருவது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பவா, கட்டாமலேயே நம்பவா என்று ஒருவர் கேட்க, கட்டிவிட்டு நம்பு என்றார்கள் நபியவர்கள். வெளியே வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் என் தோளில் தட்டி, “உங்களுக்குத்தான் சொன்ன மாதிரி இருக்கு” என்றார். இருக்கலாம். ஆனால் எனக்கு இதில் இன்னொரு கேள்வி உண்டு: கட்டியவனே போய் முடிச்சைப் பார்த்தால் போதுமா?

மனிதத் தவறுகளைப் பற்றிய எங்கள் ஹ்யூமன் ஃபேக்டர்ஸ் வகுப்பில் தவறாமல் வரும் ஒரு சம்பவம். 1990 ஜூனில் பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய ஒரு ஜெட்டில் காக்பிட் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடம்பு வெளியே. ஊழியர்கள் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்துக்கொண்டது அல்லாஹ்வின் கிருபைதான். முந்தைய நாள் விடியற்காலையில் அந்தக் கண்ணாடியை மாற்றியவர் அனுபவசாலி, நல்ல வேலைக்காரர் என்று பெயரெடுத்தவர். பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணளவில் பார்த்துப் புதியதை எடுத்திருக்கிறார். 90 போல்ட்டில் 84 விட்டம் குறைந்தவை. இரண்டாவது ஆள் பார்த்தே ஆக வேண்டிய பட்டியலில் கண்ணாடி இல்லாததால் யாரும் பார்க்கவில்லை.

நான் பிஸ்மி சொல்லித்தான் டூல் பாக்ஸைத் திறக்கிறேன். ஆனால் “அவன் ஓதிக்கிட்டே செய்யறதாலதான்மா பிளேன் பத்திரமா போவுது” என்று அம்மா பக்கத்து வீடுகளில் சொல்லி வைப்பதுதான் எனக்குப் பிடிக்காது. கை நடுங்கினால் ஓதிவிட்டுத் தொடரக் கூடாது, டூலைக் கீழே வைத்துவிட வேண்டும். இதைச் சொன்னால் அம்மாவின் முகம் வாடும். சொல்லிவிட்டேன். வாடத்தான் செய்தது.

மார்ச் 22, சனி

நைட் ஷிஃப்ட். எழுத ஒன்றும் இல்லை. டெய்லி செக், ஆயில், லைட், ஆயில். சஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு) இட்லி.

மார்ச் 28, வெள்ளி

நேற்று இருபத்தேழாம் இரவு. இன்று மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் தாள், தமிழ். இரண்டும் ஒரே ராத்திரியில் வந்து விழுந்ததில் வீட்டில் ஒரு பஞ்சாயத்து. ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த இரவு, பிள்ளை தொழுகைப்பாயில் இருக்க வேண்டாமா என்று அம்மா. மனப்பாடப் பகுதி பாக்கி இருக்கு நன்னி என்று மகள். என் மனைவி யார் பக்கமும் சாயாமல், “படிச்சு இல்மு தேடறதும் அல்லாஹ்வுக்குச் செய்யற இபாதத்துதானே மாமி. ரெண்டு ரக்அத் தொழட்டும், அப்புறம் குறளைப் படிக்கட்டும்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள். நான் அதற்குள் ஷூ மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே வாலில் வேலை. விமானத்தின் மூக்கை மேலும் கீழும் சாய்க்கும் வால் பலகைதான் எலிவேட்டர்; அதை அசைக்கும் சர்வோ கசிந்ததால் மாற்ற வேண்டும். ஹைட்ராலிக் எண்ணெய் ஊதா நிறம், வெடித்த தோலில் பட்டால் மிளகாய் தடவிய எரிச்சல். மூன்று மணிக்கெல்லாம் மாட்டி, நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை வளைத்து முடித்தோம். கூட இருந்த இன்ஜினியர் பார்த்துத் திருப்தியானார். விமானத்தைத் திருப்பும் உறுப்பில் கைவைத்தால் அது போதாது. அந்த வேலையில் கையே வைக்காத இன்னொரு இன்ஜினியர் வந்து, முதலிலிருந்து தன் கண்ணால் பார்க்க வேண்டும். டூப்ளிகேட் இன்ஸ்பெக்ஷன். அப்படிப் பார்க்க வேண்டிய பீட்டர் சார் வேறொரு விமானம் நிற்கும் இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். காத்திருந்தோம்.

அவர் வரும்போது சஹர் முடிய இருபது நிமிடம்தான் பாக்கி. “பாய், நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க. டார்ச் பிடிக்க வேற ஆள் இருக்கு” என்றார். வேனில் உட்கார்ந்து பேரீச்சம்பழம், இரண்டு வாய் சோறு, ஒரு பாட்டில் தண்ணீர். திரும்பி வந்தபோது அவர் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டு, பின்னை விரலால் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காக்பிட்டில் ஒருவர் ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க, எலிவேட்டர் மேலே போகிறதா என்று கீழிருந்து குரல் கொடுத்தோம். போனது. இழுத்தது, தள்ளியது, மறுபடி இழுத்தது. அதற்கப்புறம்தான் கையெழுத்து. நான் அங்கேயே வேனுக்குப் பின்னால் விடியற்காலை பஜ்ர் தொழுதேன்.

நைட் முடிந்து நான் வண்டி ஓட்டுவதில்லை. திரிசூலத்தில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். மகளை மனைவிதான் ஸ்கூட்டியில் தேர்வு மையத்தில் விட்டாள். தாள் சுலபமாம். நன்னி விடிய விடிய யாருக்காக துஆ கேட்டார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சேப்பாக்கத்தில் சென்னை தோற்றுவிட்டது. மகன் நோன்பு திறந்தது முதல் பத்து மணிக்கு மேல் வரை டிவி முன்னால்தான்.

மார்ச் 30, ஞாயிறு

மதிய ஷிஃப்ட். காலையிலேயே இன்சார்ஜிடமிருந்து போன்: “பாய், பெருநாள் நாளைக்கா நாளன்னைக்கா? ரோஸ்டரை மூடணும்.” சாயங்காலம் பிறையைப் பார்த்துச் சொல்கிறேன் சார் என்றேன். போனிலேயே பெருமூச்சு கேட்டது. பொங்கலுக்கு சேகர் அண்ணனின் ஷிஃப்டை நான் பார்த்தேன், பெருநாளுக்கு என்னுடையதை அவர் பார்ப்பதாகப் பேச்சு. அவருக்கோ மனைவியை எந்த நாளில் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்பதும் அந்தப் பிறையில்தான் தொங்குகிறது.

ஆறரை மணிக்கு ஓடுபாதையின் மேற்குப் பக்கம், பம்மல் பக்கமாக எல்லோரும் அண்ணாந்து நின்றோம். முதலில் கண்டது சேகர் அண்ணன். “பாய்! அதோ, அந்தக் கம்பத்துக்கு இடது பக்கம்!” எனக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்று மதரஸாவில் படித்தது ஞாபகம் வந்தது. அவரிடம் சொன்னேன். “அப்ப இதுக்கும் டூப்ளிகேட் இருக்கா?” என்றார். காஜியின் அறிவிப்பு வந்த பிறகே ரோஸ்டரை மூடச் சொன்னேன்.

மார்ச் 31, திங்கள்

தொழுகை முடிந்து, கட்டிப்பிடித்து, பிரியாணி ஆகி, வீடு முழுக்கச் சொந்தம். ஏழைகளுக்கான ஃபித்ரா நேற்று இரவே கொடுத்தாயிற்று. மதியம் மகன் கையில் ஒரு டப்பா பிரியாணி கொடுத்து சேகர் அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன். தமிழ்ப் புத்தாண்டுக்கு அவர் ஷிஃப்ட் என்னுடையது.

மகளுக்குப் புதன்கிழமை ஆங்கிலம். சேமியா கிண்ணத்தோடு புத்தகத்தைத் திறந்துவிட்டாள். பெருநாளுக்கு அப்புறம் வைக்கும் ஷவ்வால் ஆறு நோன்பை நாளையே தொடங்கிவிடலாம் என்கிறார் அம்மா. எனக்கு நாளை காலை ஷிஃப்ட், இன்ஜினுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஒரு போரோஸ்கோப் வேலை இருக்கிறது. அடுத்த வாரம் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.