ஏழேகால் டாலர்

நேற்று ராத்திரி பக்கத்து வீட்டு நண்பரோடு இரண்டு மணி நேரம் வாதம். அமெரிக்க அரசியலில் அவர் தீவிர ரிபப்ளிகன், நான் டெமாக்ரட் பக்கம். எங்கெங்கோ சுற்றிக் குறைந்தபட்சக் கூலியில் வந்து நின்றோம். மத்திய அரசு வைத்திருப்பது மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலைக்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை. எனக்கு இதைச் சொல்லும்போதே கோபம் வருகிறது.

"நியூயார்க் வாடகையும் மிசிசிப்பி வாடகையும் ஒன்றா? வாஷிங்டன் எதற்கு ஒரே கூலி விதிக்க வேண்டும்? மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். சரி, நியாயமான கேள்வி. ஆனால் மிசிசிப்பியில் மாநிலச் சட்டமே கிடையாது, அங்கே அந்த ஏழேகால்தான் என்றேன்.

அப்புறம் புளோரிடாவைச் சொன்னேன். 2020இல் டிரம்ப் ஜெயித்த மாநிலம். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், கூலியைப் படிப்படியாக 15 டாலராக்க 60 சதவீதத்துக்கும் மேலானோர் ஆதரவு தெரிவித்தார்கள். 2024இல் மிசௌரியிலும் இதே கதை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் அங்கே இருந்திருந்தால் நானும் ஆம் என்றுதான் போட்டிருப்பேன்" என்றார். அடுத்த வாரம் மெடிக்கெய்டு, அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். படித்துக்கொண்டிருக்கிறேன்.